மெல்க் முதல் வியன்னா வரை ஒரே நாளில் செல்லலாமா? டான்யூப் கரையில் சென்றவர்களிடம் ஒரு கேள்வி

நதிவழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வருகிற ஜூலை மூன்றாம் வாரத்தில் நானும் 14 வயதாகும் என் மகளும் ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து வியன்னா வரை டான்யூப் கரையோரமாகச் சைக்கிளில் செல்லவிருக்கிறோம். முதல் நான்கு இரவுகளுக்கு ஷ்லோகன், லின்ஸ், கிரைன், மெல்க் ஆகிய ஊர்களில் அறை எடுத்துவிட்டேன். அந்த நான்கு நாள்களிலும் நாளொன்றுக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொண்டேன். மகள் கொலோன் அருகே ரைன் கரையில் என்னுடன் 50 கிலோமீட்டர் வரை பலமுறை ஓட்டியிருக்கிறாள். களைப்பைச் சொல்லாமல் மறைக்கும் பிள்ளை என்பதுதான் எனக்குள்ள கவலை.

சிக்கல் ஐந்தாம் நாளில்தான் வருகிறது. அன்றிரவு வியன்னாவில் தங்கி, மறுநாள் முற்பகல் ரயிலில் நாங்கள் ஊர் திரும்பியாக வேண்டும். அறைக்கும் ரயிலுக்கும் கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது என்பதால் ஒரு நாளைக் கூட்டவும் வழியில்லை. மெல்க்கிலிருந்து வியன்னாவுக்கு 115 முதல் 120 கிலோமீட்டர் வரும் என்று வரைபடம் காட்டுகிறது. பாதை ஏற்றமே இல்லாதது, நீரோட்டத்தின் திசையிலேயே செல்வது, ஆகவே முடியும் என்று சிலர் சொல்கிறார்கள். மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் இடையிலுள்ள வாஹௌ பள்ளத்தாக்கை ஓடிக் கடப்பது வீண் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். அந்த ஒரு நாளை நீங்கள் எப்படிச் செலவிடுவீர்கள்? தென்கரையில் போவதா, வடகரையில் போவதா? தூரத்தைக் குறைத்தே தீர வேண்டுமென்றால் எந்தப் பகுதியை விடுவது? சென்று வந்தவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கரையோரம்

சகோதரி, நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரையுள்ள ஏறத்தாழ 36 கிலோமீட்டரை மட்டும் அன்றைய நாளாக வைத்துக்கொள்ளுங்கள்; மாலையில் கிரெம்ஸில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணத்தில் வியன்னாவில் இருப்பீர்கள். நான் இவ்வழியே மூன்று முறை சென்றிருக்கிறேன். முதல் முறை உங்களைப் போலவே கணக்குப் போட்டு ஒரே நாளில் வியன்னாவை அடைந்தேன். அடைந்தது உண்மைதான், ஆனால் அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி அன்று என் நினைவில் தங்கியது முன்சக்கரமும் கடிகாரமும் மட்டுமே. அந்தக் குறை தீரத்தான் இரண்டாம் முறை சென்றேன்.

பாதை தட்டையானது என்று உங்களுக்குச் சொன்னவர்கள் சரியாகவே சொன்னார்கள். நீராவிக் கப்பல் வருவதற்கு முன்பு சரக்கு ஏற்றிய படகுகளை நீரோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி இழுத்துச் சென்றவை குதிரைகள். அவை நடப்பதற்கென்று கரையை ஒட்டிச் சமன் செய்யப்பட்ட தடம்தான் இன்று பல இடங்களில் சைக்கிள் பாதையாகியிருக்கிறது. பாசாவிலிருந்து வியன்னா வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஓடும் நதி அவ்வளவு தூரத்திலும் 130 மீட்டர் அளவுக்கே கீழிறங்குகிறது. ஆனால் தட்டையான பாதைக்கென்று ஒரு கடுமை உண்டு: இறக்கமே வராததால் கால்களுக்கு ஓய்வும் கிடைப்பதில்லை. 60 கிலோமீட்டருக்குப் பழகிய பிள்ளை 118 கிலோமீட்டரை மிதித்துவிடக்கூடும், ஆனால் கடைசி 30 கிலோமீட்டரில் அவள் எதையும் பார்க்க மாட்டாள்.

கரையைப் பற்றி என் முடிவு இது. மெல்க் மடாலயத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். 1089இல் பெனடிக்ட் சபைத் துறவிகள் குடியேறிய குன்று அது. இன்று நாம் காணும் மஞ்சள் நிறப் பெருங்கட்டடம் 1702இல் யாக்கோப் பிராண்ட்டாவர் என்னும் கட்டடக் கலைஞரின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. பிறகு தென்கரையிலேயே ஷோன்பூயெல், ஆக்ஸ்பாக் வழியாக ஆர்ன்ஸ்டோர்ஃப் வரை செல்லுங்கள். பெருஞ்சாலையும் ரயில்பாதையும் எதிர்க்கரையில் இருப்பதால் இக்கரையில் அமைதி அதிகம். ஆர்ன்ஸ்டோர்ஃபை நெருங்க நெருங்க இருபுறமும் ஆப்ரிகாட் தோட்டங்கள் வந்துவிடும். நீங்கள் செல்வது ஜூலை என்பதால் பழம் மரத்திலேயே பழுத்திருக்கும். தோட்ட வாசலில் மேசை போட்டுக் கூடையில் வைத்து விற்பார்கள்.

ஆர்ன்ஸ்டோர்ஃபிலிருந்து ஸ்பிட்ஸுக்குச் செல்லும் படகை எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள். கார்களையும் ஏற்றிச் செல்லும் அந்தப் படகை எந்த எந்திரமும் நகர்த்துவதில்லை. நதியின் குறுக்கே உயரத்தில் ஓர் இரும்பு வடம் கட்டியிருக்கிறார்கள். அதில் ஓடும் உருளையிலிருந்து இறங்கும் கயிறு படகைப் பிடித்துக்கொள்கிறது. படகோட்டி சுக்கானைத் திருப்பிப் படகை நீரோட்டத்துக்குச் சாய்வாக நிறுத்தும்போது கீழ்நோக்கித் தள்ள வந்த தண்ணீர், வடம் விடாததால், படகைப் பக்கவாட்டில் அக்கரைக்குத் தள்ளுகிறது. நடு ஆற்றில் உங்கள் காதில் விழுவது பலகையில் தண்ணீர் உரசும் ஓசை மட்டுமே. வெள்ளம் ஏறினால் படகை நிறுத்திவிடுவார்கள் என்பதால் முதல் நாள் மாலையே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஸ்பிட்ஸிலிருந்து வடகரை. வைசன்கிர்ஷன், ட்யூர்ன்ஸ்டைன், பிறகு கிரெம்ஸ். மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் திராட்சைத் தோட்டங்களைத் தாங்கி நிற்கும் சுவர்களைச் சைக்கிளை நிறுத்திவிட்டு அருகில் போய்ப் பாருங்கள்: காரை இல்லை, கல்லின் மேல் கல்லாகக் கையால் அடுக்கியவை, இடுக்குகளில் பல்லிகள் வெயில் காயும். இந்த நிலக்காட்சிக்காகவே வாஹௌவை யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. ட்யூர்ன்ஸ்டைன் தெருவில் கருங்கல் பாவியிருக்கும், கூட்டமும் இருக்கும்; இறங்கித் தள்ளிக்கொண்டு செல்வதே முறை. ஊருக்கு மேலே தெரியும் இடிந்த கோட்டையில்தான் சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்ட் 1192–93 குளிர்காலத்தில் சிறை வைக்கப்பட்டிருந்தார்.

மகளுக்காக இன்னும் ஒன்று. கரையில் எண் எழுதிய வெள்ளைப் பலகைகள் நிற்பதைக் காண்பீர்கள். டான்யூபின் தூரத்தைக் கழிமுகத்திலிருந்து மேல்நோக்கி எண்ணுகிறார்கள்; ருமேனியாவில் கருங்கடலோரமுள்ள சுலினா அதன் தொடக்கம். ஆகவே மெல்க் அருகே 2036 என்று காண்பது ஸ்பிட்ஸில் 2019 ஆகும், ட்யூர்ன்ஸ்டைனில் 2009 ஆகும், வியன்னாவின் ரைக்ஸ்புருக்கே பாலத்தருகே 1929 ஆகும். கடல் இன்னும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை நதியே சொல்லிக்கொண்டு வரும்.

மேல்காற்று

மேலே எழுதிய நண்பரின் முடிவோடு நான் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் கிரெம்ஸுக்குப் பிந்தைய பகுதியை விட்டுவிடத்தக்கது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கிரெம்ஸைத் தாண்டியதும் மலைகள் இருபுறமும் விலகி, துல்ன் சமவெளி விரிகிறது. அங்கே கரைமேட்டில் செல்லும் பாதையில் பல கிலோமீட்டருக்கு மர நிழல் கிடையாது. பொதுவாக இந்த வழியில் மேற்கிலிருந்து காற்று வீசி முதுகில் தள்ளும் என்பதால்தான் எல்லோரும் பாசாவிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்கிறார்கள். ஆனால் வானம் தெளிந்திருக்கும் கோடை நாள்களில் காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து அடிப்பதும் உண்டு. நம் முன்னோர் கொண்டல் என்று அழைத்த அந்தக் கீழ்காற்று முகத்தில் அடிக்க, பிற்பகல் இரண்டு மணி வெயிலில் அந்தச் சமவெளியைக் கடப்பதென்பது வளர்ந்தவர்களையே தளர்த்திவிடும். 14 வயதுப் பிள்ளையை அதில் இறக்க வேண்டாம் என்பதே என் கருத்தும்.

ஆனாலும் அந்தப் பகுதியில் தென்கரையிலுள்ள த்ஸ்வென்டென்டோர்ஃப் ஊரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே நதிக்கரையில் உயர்ந்த புகைபோக்கியுடன் ஒரு அணுமின் நிலையம் நிற்கிறது. முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்ட அந்த நிலையத்தைத் திறக்கலாமா என்று 1978 நவம்பர் 5 அன்று ஆஸ்திரிய மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். வேண்டாம் என்றவர்கள் 50.47 விழுக்காடு. அந்த உலை ஒரு நாள்கூட இயங்கவில்லை. அவ்வளவு பெரிய கட்டடத்தின் அருகே சைக்கிளை நிறுத்தி, கரைப் புல்லில் அமர்ந்து ரொட்டி சாப்பிடும்போது, ஒரு வாக்குச்சீட்டின் எடை எவ்வளவு என்பதை நான் உணர்ந்தேன். உங்கள் மகள் இன்னொரு முறை வரும்போது அவளுக்குக் காட்டுங்கள்.

உங்களுக்கு என் யோசனை இது: கிரெம்ஸில் ரயிலேறுங்கள், ஆனால் வியன்னாவின் நடுவில் போய் இறங்காதீர்கள். வழியில் துல்னிலோ, நேரம் கடந்துவிட்டால் துல்னில் வண்டி மாறி குளோஸ்டர்நாய்பூர்க்கிலோ இறங்கிவிடுங்கள். துல்னிலிருந்து என்றால் நகரத்துக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். குளோஸ்டர்நாய்பூர்க்கிலிருந்து என்றால் 13 கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடும். ஐந்து நாள் சைக்கிளில் வந்தவர்கள் கடைசியில் சைக்கிளிலேயே ஊருக்குள் நுழைய வேண்டும். நதியிலிருந்து டான்யூப் கால்வாய் பிரியும் நுஸ்டோர்ஃபிலிருந்து கால்வாய்க் கரையைப் பிடித்துக்கொண்டால், பெருஞ்சாலைகளில் சிக்காமல் நகரின் நடுப்பகுதிக்கே வந்துவிடலாம்.

கோட்டம்

தூரத்தைப் பற்றி நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். நான் சக்கரத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இதே பகுதியில்தான் என் பயணம் நின்றது.

இரண்டு பெரிய பைகளையும் கூடாரத்தையும் பின் கேரியரிலேயே கட்டிக்கொண்டு சென்றேன். ஆக்ஸ்பாக் ஊரைத் தாண்டியபோது பின்னால் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்த சுற்றிலேயே ரிம் பிரேக் கட்டையில் உரசத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் (சங்கிலி ஓடும் பற்சக்கரம்) இருக்கும் பக்கத்து ஸ்போக் ஒன்று கொண்டையில் முறிந்திருந்தது. அந்தப் பக்கத்து ஸ்போக்குகள்தான் அதிக இறுக்கத்தில் இருப்பவை, பாரம் கூடும்போது பெரும்பாலும் முதலில் முறிபவையும் அவையே. மாற்ற வேண்டுமென்றால் ஃப்ரீவீலைக் கழற்ற வேண்டும். அதற்குரிய கருவி என்னிடம் இல்லை. முறிந்ததைப் பக்கத்து ஸ்போக்கில் சுற்றிக் கட்டினேன், அதன் இருபுறத்து ஸ்போக்குகளையும் ஸ்போக் சாவியால் அரைச் சுற்று தளர்த்திக் கோட்டத்தை ஓரளவு எடுத்தேன், பின் பிரேக்கை விலக்கிவிட்டேன், பைகளில் ஒன்றை முன்பக்கம் மாற்றிக் கட்டினேன். கிரெம்ஸ் வரை நடக்கும் வேகத்திலேயே வந்து சேர்ந்தேன். அது சனிக்கிழமை மாலை. கடைகள் மூடியிருந்தன, ஞாயிறும் திறக்காது. திங்கள் காலை வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆகவே சகோதரி, புறப்படுவதற்கு முன் இரண்டு சைக்கிள்களின் பின்சக்கரங்களையும் தரையிலிருந்து தூக்கி, ஒவ்வொரு ஸ்போக்கையும் நகத்தால் மீட்டிப் பாருங்கள். ஒரே பக்கத்து ஸ்போக்குகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும்; எது மந்தமாக ஒலிக்கிறதோ அது தளர்ந்திருக்கிறது. மகளுடைய பாரத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளத்தான் மனம் சொல்லும், ஆனால் அதையெல்லாம் உங்கள் பின்சக்கரத்தில் ஏற்றிவிடாமல் முன்பக்கமும் பங்கிடுங்கள். உங்கள் சக்கரங்களின் அளவுக்கேற்ற ஸ்போக்குகள் நான்கை வாங்கிச் சைக்கிள் சட்டத்தோடு சேர்த்து ஒட்டிக்கொள்ளுங்கள். வெளியூரில் கடைக்காரரிடம் ஆளும் நேரமும் இருந்தாலும் சரியான நீளத்து ஸ்போக் இல்லாமல் போகலாம்.

பழங்கல்

தென்கரையில் சென்று படகில் கடந்தால் வில்லென்டோர்ஃப் விடுபட்டுப்போகும் என்பதை யாரும் குறிப்பிடவில்லை. அவ்வூர் வடகரையில், ஸ்பிட்ஸுக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் முன்னதாகவே வந்துவிடுகிறது. வடகரை ரயில்பாதைக்காக மண்ணை வெட்டிக்கொண்டிருந்தபோது, 1908 ஆகஸ்ட் 7 அன்று, 11 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண் உருவம் அங்கே கிடைத்தது. ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிச் செங்காவி பூசியது. அந்தக் கல் அவ்வட்டாரத்துக் கல்லே இல்லை. யாரோ தொலைவிலிருந்து கையோடு கொண்டுவந்திருக்கிறார்கள். மூலச் சிலை வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊரில் இருப்பது கிடைத்த இடமும் ஒரு பெரிய நகலும்தான், ஆனாலும் அந்தச் சரிவில் நின்று நதியைப் பார்ப்பது வேறு அனுபவம். ஸ்பிட்ஸில் இறங்கியதும் மேல்நோக்கிப் போய்வர 10 கிலோமீட்டர் ஆகும். 36 கிலோமீட்டர் நாளில் அதற்கு இடமுண்டு.

ரயிலைப் பற்றி ஒரு சொல்: சைக்கிளுக்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும், பெட்டியில் இடமும் குறைவு. வெயில் நாள் மாலையில் கிரெம்ஸ் நிலையத்தில் உங்களைப் போலவே பலர் நிற்பார்கள். நீங்கள் எண்ணியிருக்கும் வண்டிக்கு முந்தைய வண்டிக்கே வந்துவிடுங்கள்.

நதிவழி

சென்ற வாரம் சென்று வந்தோம். பதில் எழுதிய நால்வருக்கும் என் நன்றி. அந்த நாளை நீங்கள்தான் எங்களுக்கு அமைத்துக் கொடுத்தீர்கள் என்பதால் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மடாலயத்தின் நூலக அறையில் மகள் நெடுநேரம் நின்றதால் மெல்க்கை விட்டுப் புறப்படப் பத்தரை மணி ஆகிவிட்டது. தென்கரையில் எங்களைக் கடந்துசென்ற சைக்கிள்கள் பத்துகூட இருக்காது. ஆர்ன்ஸ்டோர்ஃபுக்கு முன்னால் ஒரு தோட்ட வாசலில் ஒரு கிலோ ஆப்ரிகாட் வாங்கினோம். ஒரு பக்கம் மட்டும் செம்புள்ளி விழுந்த, வெயில் சூடு இன்னும் ஆறாத பழங்கள். விற்ற பாட்டி என் மகளின் கையில் கூடுதலாக இரண்டை வைத்துவிட்டார்.

படகில் எங்களோடு ஒரு டிராக்டரும் வந்தது. படகோட்டி சுக்கானைத் திருப்பியதும் மேலே வடத்தில் உருளை கிறீச்சிட்டு நகரத் தொடங்கியது. அவ்வளவு எடையையும் தண்ணீர் மட்டுமே தள்ளுகிறது என்பதை மகளால் நம்ப முடியவில்லை. அக்கரை சேர்ந்ததும் இன்னொரு முறை போய்வரலாம் என்று கேட்டாள். இருமுறை கடந்தோம். அதனால் வில்லென்டோர்ஃபுக்குச் செல்ல நேரம் போதவில்லை. பழங்கல் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வைசன்கிர்ஷனில் மாரில்லென்க்னோடல் சாப்பிட்டோம். முழு ஆப்ரிகாட்டை மாவுக்குள் பொதிந்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டித் தருகிறார்கள். நம் கொழுக்கட்டைக்குள் பூரணத்துக்குப் பதில் புளிப்பும் இனிப்புமான சூடான பழம் உடைவதாக எண்ணிக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பிறகு ஆற்றங்கரைத் தாழ்சுவரில் அமர்ந்திருந்தபோது, அதன் மேற்பரப்பில் சீரான இடைவெளியில் இரும்பு மூடிகள் பதித்திருப்பதை மகள் காட்டினாள். உணவகத்தில் கேட்டோம். வெள்ள எச்சரிக்கை வந்தால் அந்த இடங்களில் தூண்களை நட்டு, இடையில் அலுமினியப் பலகைகளைச் செருகிச் சுவரை உயர்த்துவார்களாம். தெருவுக்குள் ஒரு வீட்டின் சுவரில் 2002ஆம் ஆண்டு வெள்ளம் ஏறிய உயரத்துக்குக் கோடு கிழித்திருந்தது. அது என் தலைக்கு மேலே இருந்தது.

மேல்காற்று அவர்கள் சொன்னபடியே பிற்பகலில் கிழக்கிலிருந்து காற்று எழுந்தது. ட்யூர்ன்ஸ்டைனிலிருந்து கிரெம்ஸ் வரையுள்ள சில கிலோமீட்டரே எங்களுக்குப் போதும் என்றாகிவிட்டது. அந்தக் காற்றில் வியன்னா வரை என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கிரெம்ஸ் ரயிலில் முந்தைய வண்டிக்கே சென்றுவிட்டதால் இடம் கிடைத்தது. துல்னில் மாறி, குளோஸ்டர்நாய்பூர்க்கில் இறங்கி, மாலை வெயிலில் கடைசிப் பகுதியை ஓட்டினோம். நுஸ்டோர்ஃபில் கால்வாய் பிரியும் இடத்தில், கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னர் வடிவமைத்த மதகின் மேல் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் நிற்கின்றன. அங்கே மகள் சைக்கிளை நிறுத்திவிட்டாள். பாசாவிலிருந்தே கண்ணில் பட்ட பலகை எண்களையெல்லாம் சிறு ஏட்டில் குறித்துவந்தவள் அவள். கால்வாய்க்குள் திரும்பிவிட்டால் 1929ஐப் பார்க்க முடியாதே என்றாள். இருட்டத் தொடங்கியிருந்ததால் அறைக்கு அழைத்துச் சென்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளே என்னை எழுப்பினாள். ரயிலுக்கு முன் ரைக்ஸ்புருக்கே வரை ஓட்டிச் சென்றோம். பாலத்துக்குச் சற்று மேலே, சரக்குப் படகொன்று கடந்துபோன அலை கரைக் கற்களில் இன்னும் அடித்துக்கொண்டிருக்க, பலகையைப் பார்த்து எண்ணை எழுதி, அதன் கீழே தேதியும் போட்டுக்கொண்டாள். வரும் கோடையில் அந்த இடத்திலிருந்து புடாபெஸ்ட் வரை செல்ல எத்தனை நாள் ஆகும் என்று கேட்கிறாள். அந்த வழி தெரிந்தவர்கள் இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.